லேடீஸ் யாரும் வரலையா?

என் மகளுக்கு இந்தக் கார்த்திகையோடு நான்கு வயது முடிகிறது. இந்த நான்கு வருடத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி எது என்றால் யோசிக்காமல் சொல்வேன்: “லேடீஸ் யாரும் வரலையா?”

பிரசவ வார்டு வாசலில் செக்யூரிட்டி அண்ணன் கேட்டார். புதன்கிழமை தடுப்பூசி வரிசையில் நர்ஸ் அக்கா கேட்டார். அங்கன்வாடியில் எடை போடப் போனபோது டீச்சர் கேட்டார். பேருந்து நிலையத்தில் பிள்ளைக்கு ஈரத்துணி மாற்ற இடம் தேடி நின்றபோது, பாலூட்டும் அறை வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த பாட்டி கேட்டார். ஒருத்தர்கூடக் கோபமாகக் கேட்கவில்லை. ‘பாவம், இந்த ஆளு தனியா மாட்டிக்கிட்டான்’ என்கிற இரக்கத்தோடுதான் கேட்டார்கள். எனக்கு எரிச்சல் வருவது அந்த இரக்கத்தின் மேல்தான். கையில் இருப்பது என் பிள்ளை. அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் யாரோ ஒருவருடைய பிள்ளையைக் கொஞ்ச நேரத்துக்கு வாங்கி வைத்திருக்கிற ஆள் மாதிரி ஆகிவிடுகிறேன்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு எதிரானது. அதைக் கேட்டதும் உள்ளுக்குள் ‘அப்பாடா’ என்று பெருமூச்சு விடுகிற ஆண்களுக்கும் எதிரானது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன் என்பதால் உரிமையோடு திட்டலாம் என்று நினைக்கிறேன்.

1

மகள் 34 வாரத்தில் பிறந்தாள். எடை 1 கிலோ 700 கிராம். மனைவிக்கு ரத்த அழுத்தம் ஏறி, அவசரமாக ஆபரேஷன் செய்து, அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். பிள்ளை இன்னொரு மாடியில். குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாக வைத்துச் சூடு கொடுக்க வேண்டும், கங்காரு முறை என்று பெயர், வீட்டிலிருந்து ஒரு ஆளை அனுப்புங்கள் என்றார்கள். நான் எழுந்தேன். “நீங்க இல்ல சார். லேடீஸ் யாரும் வரலையா?”

மாமியார் போனார். அவருக்கு 62 வயது. சர்க்கரை, மூட்டுவலி இரண்டும் உண்டு. மகள் ஒரு மாடியில், பேத்தி ஒரு மாடியில் என்று மூன்று நாள் அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கினார். 31 வயது, ஒரு நோயும் இல்லாத நான் வராந்தாவில் உட்கார்ந்து போனை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தேன். நடுவில் யாராவது வந்து ஒரு பேப்பரை நீட்டுவார்கள், கையெழுத்துப் போடுவேன். ஒரு சீட்டை நீட்டுவார்கள், மருந்து வாங்கி வருவேன். என் கையெழுத்தும் காசும் உள்ளே போய்விட்டன. நான் மட்டும்தான் போகவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி மாமியாருக்குத் தலை சுற்றிவிட்டது. நைட் டியூட்டியில் இருந்த வயதான நர்ஸம்மா வெளியே வந்து என்னைப் பார்த்தார். “ஏம்பா, ஒனக்கு நெஞ்சு இல்லையா?” என்றார். எனக்குத் திட்டுகிறாரா கூப்பிடுகிறாரா என்று புரியவில்லை. “சட்டையக் கழட்டிட்டு, கையக் கழுவிட்டு உள்ள வா.” ஒரு மூலையில் பச்சைத் துணித் திரையை இழுத்து விட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தார். குல்லாவும் இடுப்புத் துணியும் மட்டும் போட்ட ஒரு சின்ன உயிரை என் நெஞ்சில் நிமிர்த்தி வைத்து, துணியால் சுற்றிக் கட்டினார். “மூச்சு விடு. நீ மூச்சு விட்டாத்தான் அதுக்கும் ஞாபகம் வரும்” என்றார்.

இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முதல் அரை மணி நேரம் பயம். பிறகு பயம் இல்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும், அதற்கு மேல் சொன்னால் ரீல்ஸ் ஆகிவிடும். காலையில் டியூட்டி மாறியது. புதிதாக வந்தவர் என்னை மறுபடியும் வராந்தாவுக்கு அனுப்பிவிட்டார்.

இந்த முறை 1978-ல் கொலம்பியாவின் பொகொட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் பிறந்தது. எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனே தொடங்கி, ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இதைக் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது. 24 மணி நேரம்! ஆபரேஷன் ஆன ஒரு பச்ச உடம்புக்காரியால் தனியாக அது முடியுமா? அதனால்தான் அப்பாவும் மற்றவர்களும் மாற்றி மாற்றிச் செய்யலாம் என்று மருத்துவம் சொல்கிறது. அந்த ராத்திரி எனக்கும் அந்த மருத்துவத்துக்கும் நடுவில் இருந்த தடை ஒரு திரைத்துணி. நர்ஸம்மா அதை இழுத்துவிட அரை நிமிடம் ஆனது.

2

நம் ஊரில் வார்த்தைகளைக் கவனியுங்கள். தாய் சேய் நலம். தாய் சேய் நல விடுதி. தாய் சேய் நல ஊர்தி. இதையெல்லாம் கேலி செய்ய மாட்டேன். பிரசவத்தில் பெண் செத்துப்போவது சகஜம் என்றிருந்த நாட்டில், தாயையும் சேயையும் காப்பாற்ற இரவு பகலாக நடந்த கிராம சுகாதார செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் செய்தது பெரிய காரியம். ஆனால் உயிர் காப்பதற்காகப் போட்ட அந்தக் கோட்டை, வளர்ப்பதற்கும் அப்படியே நீட்டிவிட்டோம். ஊசி, எடை, சத்துமாவு, பேச்சு வராத குழந்தைக்குப் பயிற்சி, பள்ளிக்கூடத்திலிருந்து வரும் போன், எல்லாமே தாய் சேய்தான். தகப்பன் என்கிற ஆளுக்கு இந்த அமைப்பில் மூன்று வேலை: கையெழுத்து, காசு, வண்டி.

சட்டமும் இதற்குச் சளைத்ததில்லை. 1956-ம் வருட இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-வது பிரிவு, பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை, ‘அவருக்குப் பின்’ தாய் என்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பிறகுதான், 1999-ல், ‘பின்’ என்றால் செத்த பிறகு என்று மட்டும் பொருள் இல்லை என்று தீர்ப்பு வந்தது. அதே பிரிவு, ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன வருகிறது? அதிகாரம் அப்பாவுக்கு, பீத்துணி அம்மாவுக்கு.

மகப்பேறு நலச் சட்டத்துக்கு வாருங்கள். 2017 திருத்தம் 26 வாரச் சம்பள விடுப்பு கொடுத்தது. நல்லது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. அதுவும் நல்லது. அந்தக் காப்பகத்துக்கு ஒரு நாளைக்கு நான்கு முறை போய் வரும் உரிமை யாருக்கு? பெண் ஊழியருக்கு. அதே கம்பெனியில் அடுத்த மேஜையில் உட்கார்ந்திருக்கும் தகப்பன், தன் பிள்ளை அழுதால் சட்டப்படி எட்டிப்பார்க்க முடியாது. தனியார் துறையில் தந்தைக்கு ஒரு நாள் விடுப்புக்குக்கூட மத்தியச் சட்டம் இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. அரசு ஊழியப் பெண்களுக்கு 730 நாள் குழந்தை வளர்ப்பு விடுப்பு இருக்கிறது. 2018 கடைசியில் அதை ஆண்களுக்கும் திறந்தார்கள், ஆனால் மனைவியை இழந்த, பிரிந்த, திருமணமாகாத ஆண்களுக்கு மட்டும். அதாவது வீட்டில் பொம்பளை இல்லை என்று நிரூபித்தால் நீ அப்பாவாக இருக்கலாம். ‘லேடீஸ் யாரும் வரலையா?’ என்பதை அரசாணையாக எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

இவ்வளவுக்கும் நம் பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் நிற்பது யார்? அப்பாதான். இனிஷியல். பெயரில் முதல் எழுத்தாக இருக்கிற மனுஷனுக்குத் தடுப்பூசி அட்டையில் ஒரு போன் நம்பர் கட்டம்கூட ஒழுங்காக இல்லை. இருந்தாலும் அந்த நம்பருக்கு யாரும் அழைப்பதில்லை.

3

“ஆம்பளைங்க வர மாட்டாங்க சார், கூப்பிட்டாலும் வர மாட்டாங்க.” களப்பணியாளர்களோடு பேசினால் இதைச் சொல்வார்கள். சரி, எப்போது கூப்பிட்டோம்?

இந்த அரசு ஆண்களைத் தேடி வந்த ஒரு காலம் உண்டு. கருத்தடை செய்துகொள்பவருக்குக் காசு கொடுக்கும் திட்டத்தை 1950-களிலேயே தொடங்கியது நம் பழைய சென்னை மாநிலம்தான். 1971-ல் எர்ணாகுளத்தில் ஒரே மாத முகாமில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் கருத்தடை செய்துகொண்டார்கள். பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77 ஒரு வருடத்தில் மட்டும் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கத்தி வைத்தார்கள். எத்தனை பேர் விரும்பிப் போனார்கள், எத்தனை பேரை இழுத்துப் போனார்கள் என்று நம் தாத்தாக்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆட்சி கவிழ்ந்தது. அதற்குப் பிறகு எந்த அரசும் ஆண்களின் பக்கம் திரும்பவில்லை. குடும்பக் கட்டுப்பாடு முழுவதும் பெண்ணின் வயிற்றில் இறங்கியது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3 சதவீதம். ஆண்களுக்கான அறுவைதான் எளிது, ஆபத்தும் குறைவு என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும்.

ஆக, ஆணை இந்த அமைப்பு கூப்பிட்டதே ஒரு முறைதான். அதுவும் கத்தியோடு. ‘உன் பிள்ளை ராத்திரி எப்படித் தூங்குது?’ என்று கேட்கக் கூப்பிட்டதில்லை.

4

இதுவரை படித்துவிட்டு ‘பாத்தியா, ஆண்களுக்குத்தான் அநியாயம்’ என்று ஷேர் செய்யக் கிளம்பும் தம்பிகள் கொஞ்சம் உட்காருங்கள். உங்களுக்காகத்தான் இந்தப் பகுதி.

நம்மை வாசலில் நிறுத்தினார்கள், உண்மை. வாசல் நமக்குச் சுகமாக இருந்தது, அதுவும் உண்மை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் அடுக்கி அனுப்புகிறோம். பிள்ளைக்கு மூன்று மாதம், ஐந்து மாதம் ஆகும் வரை மனைவி அங்கேயே இருப்பாள். அப்பனானவன் சனிக்கிழமை சாயந்திரம் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு விருந்தாளியாகப் போவான். மாமியார் கறி எடுத்துச் சமைப்பார். பிள்ளையை ஒரு பத்து நிமிடம் மடியில் வைத்துக் கொடுப்பார்கள். நனைத்ததும் வாங்கிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ். பிரசவித்த பெண்ணுக்குத் தன் அம்மாவின் கை வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. மாமியார் வீட்டில் பத்தியச் சாப்பாடும் தூக்கமும் கிடைக்காத எத்தனையோ பெண்களைக் காத்த வழக்கம் அது. ஆனால் கையில் பிடிக்கவும் குளிப்பாட்டவும் தூளி ஆட்டவும் எல்லோரும் கற்றுக்கொள்கிற அந்த மூன்று மாதத்தில், வகுப்புக்கே போகாத ஒரே மாணவன் அப்பா. பிறகு “எனக்கு அதெல்லாம் வராது, அவளுக்குத்தான் தெரியும்” என்பான். அவளுக்கு மட்டும் பிறக்கும்போதே தெரியுமா? அவளும் அழுது, தப்பு செய்து, திட்டு வாங்கித்தான் கற்றாள்.

அரசு எடுத்த 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார்கள். ஆண்களில் 21.4 சதவீதம். அப்படிப் பராமரிக்கிற ஆண்கள்கூட அதற்குக் கொடுத்தது நாளைக்கு 74 நிமிடம். பெண்கள் 140. இந்த 74 நிமிடத்திலும் பூங்காவுக்குக் கூட்டிப்போவது எவ்வளவு, கழுவி விடுவது எவ்வளவு என்பதை நம் மனசாட்சிக்கே விடுகிறேன்.

அப்புறம் இந்த ‘சூப்பர் அப்பா’ கொண்டாட்டம். நான் மகளுக்கு ஜடை போட்டு ஸ்டேட்டஸ் வைத்தால் இருநூறு ஹார்ட் வருகிறது. என் மனைவி நான்கு வருடமாகத் தினமும் போடுகிறாள், அவளுக்கு வந்தது “ஏன் கோணலா இருக்கு?” என்கிற ஒற்றைக் கமெண்ட். கைதட்டுகிற வரைக்கும் அது விருந்தாளி வேலைதான். வீட்டுக்காரன் வேலைக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள்.

5

எதிர்ப்பக்கத்து வாதங்களில் இரண்டை மதிக்கிறேன். ஒன்றை மதிக்க முடியவில்லை.

முதலாவது, மறைவு. அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் பெண்கள் வலியில் கிடக்கிறார்கள். அங்கே ஊரான் வீட்டு ஆம்பளை எப்படி நுழைவது? சரியான கேள்வி. ஆனால் இதற்குப் பதிலை மத்திய சுகாதாரத் துறையே 2016-ல் எழுதி வைத்திருக்கிறது. பிரசவத்தின்போது உடன் ஒரு பெண் துணை இருக்கலாம், கட்டில்களுக்கு இடையே திரை போன்ற மறைவு உள்ள இடங்களில் கணவரும் இருக்கலாம் என்று. ஆக, பிரச்சினை பண்பாடு இல்லை, திரை. கம்பியும் துணியும் வாங்க முடியாத அரசா இது? அந்தத் திரை முதலில் அந்தப் பெண்களுக்கே வேண்டும். ஆண்கள் வந்தாலும் வராவிட்டாலும் அவர்களுக்கு மறைவு கொடுக்க வேண்டியது கடமை.

இரண்டாவது, அடிக்கிற கணவன். இதை லேசாகக் கடந்து போகிறவர்களை நம்பாதீர்கள். அதே தேசிய ஆய்வில் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் ஏறத்தாழ 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். பல பெண்களுக்கு அங்கன்வாடியும் நர்ஸ் அக்காவும்தான் வாய்விட்டு அழக் கிடைக்கிற ஒரே இடம். ‘குடும்பத்தோடு வாங்க’ என்று சொல்லி அந்த இடத்திலும் அவனைக் கொண்டுவந்து நிறுத்தினால் அது துரோகம். அதனால் என் கோரிக்கையின் முதல் வரி இதுதான்: அம்மா சம்மதித்தால் மட்டும். ஒவ்வொரு முறையும் அவளைத் தனியாகப் பார்த்துப் பேசுகிற நேரம் கட்டாயம் இருக்க வேண்டும். கணவன் வெளியே நிற்க வேண்டும், கேள்வி கேட்காமல். ஒதுக்கி வைத்தால் வன்முறைக்காரன் காணாமல் போய்விடுவான் என்று நினைப்பதும் தப்பு. அவன் வீட்டில்தான் இருக்கிறான். அமைப்பின் கண்ணுக்கு மட்டும்தான் தெரியாமல் இருக்கிறான்.

மூன்றாவது, ‘இயற்கை’. பெண்ணுக்குத்தான் தாய்மை உணர்வு சுரக்கும், ஆணுக்கு அது கிடையாது என்கிற வாதம். பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் நூற்றுக்கணக்கான ஆண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தகப்பனான ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தது. பிள்ளையோடு தினமும் அதிக நேரம் செலவிட்டவர்களுக்கு இன்னும் குறைவாக இருந்தது. ஆணின் உடம்பும் பிள்ளைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது, பிள்ளையைக் கையில் கொடுத்தால். நம் அப்பாக்களின் உடம்புக்கு அந்த வாய்ப்பை நாம் கொடுக்கவே இல்லை.

6

அப்பா என்று மட்டும் பேசினாலும் பாதி பேர் விட்டுப்போவார்கள். நம் ஊரில் காது குத்தும்போது பிள்ளை உட்காருவது தாய்மாமன் மடியில். ஆணின் மடிக்கு ஒரு நாள் சடங்கில் இடம் வைத்த சமூகம் இது. ஆனால் அக்கா இறந்த பிறகு அவள் மகனை நிஜமாகவே வளர்க்கிற தாய்மாமன் பள்ளிக்கூடத்துக்குப் போனால், “நீங்க யாரு?” என்பார்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போனதும் பேரனைக் கவனிக்கிற தாத்தாவுக்கு, சத்துமாவு எப்படிக் காய்ச்சுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

என் நண்பன் ஒருவனின் மகனுக்கு ஆட்டிசம். மனைவிக்கு ராத்திரி ஷிப்ட். அதனால் காலையில் பயிற்சி மையத்துக்கு இவன்தான் கூட்டிப்போவான். ஆறு மாதம் போனான். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை மையத்தில் ஒரு தாளில் எழுதி, “அம்மாகிட்ட குடுத்துடுங்க” என்பார்கள். அவன்தான் செய்கிறவன். அவனிடமே கொடுத்து, அவளிடம் கொடுக்கச் சொல்வார்கள். அம்மாக்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. இவனைச் சேர்க்கவில்லை, ‘லேடீஸ் சங்கடப்படுவாங்க’. வெளியே பைக்கில் உட்கார்ந்திருக்கும் மற்ற அப்பாக்களோடு கிரிக்கெட் பேசிவிட்டு வருவான். “அங்க ஒருத்தனும் பிள்ளையப் பத்திப் பேச மாட்டான்டா. எல்லாருக்கும் அழணும் போல இருக்கும். ஸ்கோர் கேப்பானுங்க” என்றான் ஒரு நாள். ஒதுக்கப்பட்ட ஆண் சுதந்திரமாக இருக்கிறான் என்று நாம் நினைக்கிறோம். பல பேர் தனியாக இருக்கிறார்கள். அந்தத் தனிமையில் சில பேர் மெல்லக் கழன்றுகொள்கிறார்கள், பிறகு அந்தப் பிள்ளை மொத்தமும் அம்மாவின் தலையில்.

7

என்ன செய்யலாம்? விழிப்புணர்வுப் பேரணி வேண்டாம். ‘நல்ல அப்பா’ போஸ்டரும் வேண்டாம்.

தாய் சேய் அட்டையில் ‘உடன் வளர்ப்பவர்’ என்று ஒரு கட்டம். யார் பெயரை எழுதுவது என்பதை அம்மா முடிவு செய்யட்டும். கணவன், தாத்தா, மாமன், யாராக இருந்தாலும். இரண்டு நம்பருக்கும் அழைப்பு போகட்டும். கூலிக்குப் போகிறவன் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வர முடியாது. மாதம் ஒரு ஞாயிறு, வாரம் ஒரு சாயந்திரம் மையம் திறக்கட்டும். அதற்கான ஊதியத்தோடு. அங்கன்வாடிப் பெண்களின் தலையில் இன்னொரு இலவச வேலையைக் கட்ட நான் சொல்லவில்லை. துணி மாற்றும் மேடையை எல்லோரும் போகிற இடத்தில் வையுங்கள். பிரசவ அறைக்குத் திரை வாங்குங்கள். தந்தைக்கான சம்பள விடுப்பைச் சட்டமாக்குங்கள், அதை மனைவிக்கு மாற்றிக் கொடுக்க முடியாதபடி. ஸ்வீடனில் 1974-லேயே பெற்றோர் இருவருக்கும் பொதுவான விடுப்பு வந்தது. ஆண்கள் பெரும்பாலும் எடுக்கவே இல்லை. 1995-ல் ஒரு மாதத்தை ‘அப்பா எடுக்காவிட்டால் போய்விடும்’ என்று ஒதுக்கிய பிறகுதான் எடுக்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்களுக்கு ஞானம் பிறக்கவில்லை, விதி மாறியது.

போன மாதம் மகளுக்குக் காய்ச்சல் என்று சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனேன். புதிதாக வந்த சின்ன வயசு நர்ஸ். நான் வழக்கமான கேள்விக்குத் தயாராக நின்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “கடைசியா பூச்சி மாத்திரை எப்போ குடுத்தீங்க?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. இத்தனை பக்கம் எழுதுகிற எனக்குத் தெரியவில்லை. “ஒரு நிமிஷம், அவங்க அம்மாகிட்ட கேட்டு...” என்று போனை எடுத்தேன்.

“நீங்கதான அப்பா? இதுகூடத் தெரியாம பிள்ளையத் தூக்கிட்டு வருவீங்களா? எழுதி வச்சுக்கங்க.”

வரிசையில் நின்ற அம்மாக்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான்கு வருடமாக அவர்கள் ஒவ்வொருவரும் வாங்கிய திட்டு அது. முதல் முறையாக எனக்கும் கிடைத்தது. எழுதி வைத்துக்கொண்டேன்.